கற்பனை நாட்டின் துறைமுகத்தைக் கடைசியில் வரையுங்கள்

மிகுபுனைவுக் கதைகளுக்கு வரையும் வரைபடங்களில் பெரும்பாலும் முதலில் இடம்பிடிப்பது தலைநகரம்தான். பெரிய ஆற்றின் கழிமுகம், கடலைப் பார்த்த கோட்டை, ‘ஆயிரம் ஆண்டுப் பழமையான துறைமுகம்’ என்று ஒரு குறிப்பு. மூன்றும் ஒரே இடத்தில் பொருந்துவது கடினம். பெரிய ஆறு வண்டலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆயிரம் ஆண்டில் கடல் விலகிப்போயிருக்கும், கப்பல் நின்ற இடத்தில் நெல் விளையும்.

தாமிரபரணியைப் பாருங்கள். பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை கிரேக்கர்களின் குறிப்பிலேயே இடம்பெற்ற ஊர். இன்று அது கடலிலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ. உள்ளே இருக்கிறது. கொற்கை தூர்ந்தபின் கடலோரம் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ அதன் செல்வத்தைச் சொல்கிறார். காயலையும் மண் மூடியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் வளர்ந்த தூத்துக்குடி, ஆற்று வாயை விட்டு வடக்கே தள்ளி அமைந்தது. ஒரே ஆறு, ஒரே முத்துக்குளிப்பு, துறை மட்டும் மூன்று. கற்பனை நாட்டுக்கு இதைவிட நல்ல வரலாற்றுச் சட்டகம் கிடைக்காது. ஒவ்வொரு துறையோடும் ஒரு வணிகக் கூட்டம் எழுகிறது, ஒன்று சாய்கிறது, சுங்கம் யாருக்கு என்ற வழக்கு பிறக்கிறது. அரசர்களின் பட்டியலை இதன்மேல் ஏற்றினால் போதும்.

ஆகவே வரையும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மலை, பிறகு மழைக்காற்று வரும் திசை, அதிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து மணல். துறைமுகம் அதற்குப் பிறகுதான். அரண்மனை எங்கே வேண்டுமானாலும் வரட்டும்.

மணல் ஆற்றோடு நிற்பதில்லை. அலை கரையில் சாய்வாக மோதுவதால் மணல் கரையோரமாகவே நகரும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீட்டப்பட்டதும் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கத் தொடங்கியது. உங்கள் அரசன் அலைதடுப்புச் சுவர் கட்டினால் எந்தப் பக்கத்துக் குப்பம் நிலத்தை இழக்கிறது என்று முடிவு செய்துவிடுங்கள். அந்த மனக்குறை இரண்டு தலைமுறைக்குக் கதை தரும். மந்திரத்தால் மணலை அள்ள முடியும் என்றால், அள்ளிய மணலை எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

ஆற்று வாய் எல்லா மாதமும் திறந்திருக்காது. கோடையில் நீர்வரத்து குறைந்ததும் அலை மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைக்கும், வெள்ளம் வந்து உடைக்கும். பாய்மரக் கப்பல்களுக்குக் காற்றின் நாள்காட்டி வேறு. மலபார்க் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலையில் கப்பல் ஒதுங்குவதே ஆபத்து. அந்தக் காற்று தணியும்போது அரபிக்கடலைக் கடந்து வந்தவர்கள், வாடை பிடிக்கும்வரை திரும்ப முடியாது. மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்ததால்தான் துறைமுகங்களில் அயலார் தெரு, அவர்களுடைய வழிபாட்டிடம், கலப்புத் திருமணங்கள் எல்லாம் வந்தன. படையெடுப்புக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. எந்த மாதத்தில் வேண்டுமானாலும் எதிரிக் கப்பற்படை வந்து நிற்கும் கதையை, கடல் தெரிந்த வாசகர் நம்ப மாட்டார்.

தொலைவுக் கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நல்ல காற்றில் 5 நாட் (knot, மணிக்கு ஏறத்தாழ 9 கி.மீ.) வேகத்தில் இரவு பகலாக ஓடும் கப்பல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 220 கி.மீ. கடக்கும். மாட்டுவண்டி நாளுக்கு 20, 25 கி.மீ. போனால் பெரிது. அதனால் வளைகுடாவுக்கு அக்கரையில் உள்ள ஊர், உள்நாட்டு ஊரைவிடப் பக்கம். மொழி, திருமண உறவு, கடன் எல்லாம் கடலைத் தாண்டித்தான் போகும். நாட்டின் எல்லையை மலையோரம் மட்டும் வரைந்துவிட்டுக் கடலை வெறும் நீலமாக விடாதீர்கள்.

கோபுரத்திலிருந்து கப்பல் எப்போது தெரியும்? கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கி.மீ. என்று வரும். 30 மீட்டர் கலங்கரை விளக்கத்துக்கு அது 19.5 கி.மீ. 16 மீட்டர் பாய்மர உச்சிக்கு 14 கி.மீ. இரண்டையும் கூட்டினால், 33 கி.மீ. தொலைவிலேயே பாயின் நுனி தெரிந்துவிடும். உங்கள் உலகமும் பூமியளவு உருண்டை என்றால்தான் இந்த எண் பொருந்தும்.

முற்றுகைக் காட்சி எழுதுகிறவர்கள் கிணற்றை மறக்கக் கூடாது. கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். அரை மீட்டர் குறையும் அளவுக்கு இறைத்துக்கொண்டே போனால் உப்புநீர் காலப்போக்கில் 20 மீட்டர் மேலேறும். கோட்டைக்குள் அகதிகள் நிறைந்தால் முதலில் ஆழக் கிணறு உவர்க்கும், ஆழமில்லாத ஊற்று கொஞ்ச நாள் தாங்கும். உவர்த்த நீர் மழை பெய்தால்தான் மெல்ல மீளும். எதிரி விஷம் கலக்கத் தேவையே இல்லை.

ஓதத்தைப் பற்றி ஒன்று. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் நீர்மட்டம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும், சோழமண்டலக் கரையில் 1 மீட்டர்தான். வளைகுடா குறுகினால் ஓதம் உயரும். வானத்தில் இரண்டு நிலவு வைத்தால் ஓத அட்டவணை சிக்கலாகிவிடும், அதற்குத் தயாராக இருங்கள்.

மூழ்கிய துறைமுகத்தை வரைபடத்திலிருந்து அழித்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் டன்விச் 1286 புயலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போனது. ஆனாலும் 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. உங்கள் அவையிலும் கடல் கொண்ட ஊருக்கு ஓர் இருக்கை வையுங்கள்; அதில் உட்காருவது யார், அவருக்குப் படி அளப்பது யார் என்பதையும் எழுதிவிடுங்கள்.