ஆடி போகட்டும்

ஜூலை 19, 2024
அலமாரியில் இன்னும் பதினொரு டப்பா. யாரைக் கேட்டாலும் "ஆடி போகட்டுங்க, பார்க்கலாம்." நகை, வண்டி, நிலம் என்றால் சரி. சத்து மாவுக்கு என்ன ஆடி?

ஜூலை 21
பெருந்துறையில் சத்து மாவு கம்பெனியின் மீட்டிங். ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்து விற்கிற கம்பெனி. கோயமுத்தூரிலிருந்து கோட்டு போட்ட தம்பி ஒருவர் வந்து பலகையில் ஒரு வட்டம் போட்டார், அதன் கீழே இரண்டு, அதன் கீழே நாலு. "லெஃப்ட்ல ஒருத்தர், ரைட்ல ஒருத்தர், அவ்வளவுதாங்க வேலை." கைதட்டல் ஓயவில்லை. நானும் தட்டினேன், நன்றாகத்தான் பேசினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். எனக்குக் கீழே இருபது வரிசை நிரம்பினால் என்னையும் சேர்த்து 20,97,151 பேர். 2011 கணக்கெடுப்பில் ஈரோடு மாவட்டமே இருபத்திரண்டரை லட்சம்தான். தொட்டில் பிள்ளைக்கும் கம்பெனியில் சேர்கிற ஐ.டி. எடுக்கணும். "அடுத்த வரிசைக்கு நாமக்கல் மாவட்டமே வந்தாலும் பத்தாதும்மா" என்கிறாள். பிளஸ் ஒன் படிக்கிற திமிர்.

ஜூலை 24
ஒன்றும் போகவில்லை.

ஜூலை 26
மாமனார் அலமாரியைப் பார்ப்பார், பிறகு ஜன்னல் வழியே தோட்டத்துக் கம்பிவேலியைப் பார்ப்பார். ஈமு வளர்த்த வேலி. ஒன்றரை லட்சம் கட்டிக் குஞ்சு வாங்கினார். மாதாமாதம் பராமரிப்புப் பணம், வருஷம் போனால் போனஸ் என்றார்கள். 2012-ல் எல்லாம் முடிந்தது. தீவனம் போட வழியில்லாமல் பறவைகள் மெலிந்து செத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது அதற்குள் வெள்ளாடு கட்டியிருக்கிறோம். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொன்னாலாவது பதில் சொல்லலாம். இது தின்கிற பொருள், அரசாங்க உணவு உரிம எண் பதினாலு இலக்கமும் டப்பாவில் இருக்கிறது என்று.

ஜூலை 30
மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டதாம். எனக்கு நாளைக்குள் பாயிண்ட் நிரம்பணும். இல்லாவிட்டால் ஐ.டி. தூங்கிவிடும், கீழே சேர்ந்தவர்களின் கமிஷனும் வராது என்று எனக்கு மேல் வரிசையில் இருக்கிற அப்லைன் அக்கா காலையிலிருந்து போன்.

ஜூலை 31
நானே நாலு டப்பா எடுத்தேன். அக்கா பூங்கொத்துப் படம் அனுப்பினார்.

ஆகஸ்ட் 3
ஆடிப் பதினெட்டு. கூடுதுறையில் தண்ணீர் சீறிக்கொண்டு போகிறது என்றார்கள், பவானிக்குப் போகாமல் நேரே கவுந்தப்பாடி அமுச்சி, அம்மாவின் அம்மா, வீட்டுக்குப் போய்விட்டோம்.

சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது அமுச்சி சாதாரணமாகச் சொன்னார்: "உன்ற மாவைக் குடிக்க ஆரம்பிச்சதுல இருந்து சக்கரை மாத்திரையை உட்டுட்டேன் கண்ணு."

எனக்குக் கை கால் ஓடவில்லை. யார் சொன்னது? மாமா பையனின் போனில் அந்தக் கோட்டுத் தம்பி பேசிய வீடியோ. மாத்திரையே வேண்டாம், மூன்று மாதத்தில் சர்க்கரை போய்விடும் என்று. அக்காதான் குரூப்பில் போட்டிருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண் கொடுத்துவிட்டுப் போன மாத்திரை அட்டைகள் சாமி படத்துக்குப் பின்னால் பிரிக்காமல் அடுக்கியிருக்கின்றன. கஞ்சி சப்பென்று இருக்கிறதாம், அதனால் இரண்டு கரண்டி நாட்டுச் சர்க்கரை வேறு. பழனி பஞ்சாமிர்தத்துக்கே இந்த ஊரிலிருந்துதான் போகுது, அது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது என்கிறார்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். எது எடை அதிகமோ அதைத்தான் முதலில் போடணும். கேழ்வரகுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை. அதற்கும் கீழே, எறும்பு எழுத்தில், "இது மருந்து அல்ல."

இரவெல்லாம் தூக்கமில்லை. என் பேரைச் சொல்லித்தான் அவர் குடிக்கிறார். அந்தத் தம்பியின் பேர்கூட அவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 5
ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் 268. டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். அமுச்சி ஒன்றும் தெரியாதவர் மாதிரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவிடம் சொன்னேன். "நச்சு வெளியே போறப்ப முதல்ல ஏறும், பயப்படாதீங்க மேடம்." எப்போதும் அம்மிணி என்பவர், இன்றைக்கு மேடம்.

மருந்துக்கடை அண்ணன் சொல்கிறார், சர்க்கரை வியாதியைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவே கூடாது, 1954-லேயே சட்டம் இருக்கிறதாம். வீடியோ இன்னும் குரூப்பில்தான் இருக்கிறது. இதயம் போட்டவர்களில் ஒரு வாத்தியாரும் உண்டு.

ஆகஸ்ட் 8
அமுச்சிக்குப் போன் போட்டு அட்டையில் எத்தனை குழி காலி என்று கேட்டேன். "போலீஸாட்டக் கேக்கற."

ஆகஸ்ட் 12
டப்பாக்களில் காலாவதி நவம்பர் என்று அச்சடித்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆனால் வாங்கி முப்பது நாளுக்குள். பழையதற்கு வழியில்லை. ஜூலை 31-ல் எடுத்த நாலும் தேறும். அக்காவிடம் கேட்டால் "கொடுக்கலாம், ஆனா உங்க லெவல் போயிரும்" என்கிறார். லெவல் என்றால் என்ன, ஒரு பேட்ஜ்.

தறிக்கார வீட்டுப் பெண் வந்து ஒன்று வாங்கினாள். பையனுக்கு அந்த ருசி பிடித்துவிட்டதாம். பணம் கையிலேயே கொடுத்தாள். சர்க்கரை, மூட்டு வலி எதையும் நான் பேசவில்லை. வெறும் மாவாக விற்றது.

ஆகஸ்ட் 17
ஆடி போய்விட்டது. இப்போது "ஆவணி, ஏகப்பட்ட முகூர்த்தமுங்க, மொய் வைக்கவே கையைக் கடிக்குது."

நாலு டப்பாவையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன். அவர் திங்கட்கிழமை பெருந்துறை போகும்போது கொடுத்துவிடுவார்.

ஆகஸ்ட் 18
அடுத்த வாரம் அத்தை பையன் கல்யாணம். சொந்தம் முழுக்க வரும். அக்கா ஒரு கட்டு கம்பெனி கார்டு கொடுத்தனுப்பியிருக்கிறார், மொய் எழுதுகிற மேஜை மேல் வைக்கணுமாம்.