பனங்காட்டுக் கிராவலும் பதினொரு பஞ்சரும்

தை, கடைசி ஞாயிறு. 19 கிலோமீட்டர், 3 பஞ்சர்.

கீழக்கரையிலிருந்து கிளம்பி, ஏர்வாடியைத் தாண்டிக் கொஞ்ச தூரமாவது தார் படாமல் ஓட்டிவிட வேண்டும் என்பது திட்டம். ஏர்வாடி வருவதற்குள்ளேயே மாற்று டியூபும் பசையும் தீர்ந்துபோய், கடைசி நான்கு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வீடு வந்தேன். வழியில் ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லை நிறுத்தி, "ஏத்திக்கிருவமா தம்பி?" என்று கேட்டார். மானம் தடுத்தது.

இந்த ஆசை வந்தது இத்தாலியால். அங்கே டஸ்கனியில் கியாண்டி என்று ஒரு பகுதி, மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், ஒயினுக்குப் பேர்போனது. தோட்டங்களுக்கு நடுவே தார் போடாத வெள்ளைச் சரளைச் சாலைகள். அவற்றையும் தார் விழுங்கிவிடக் கூடாது என்று 1997ல் கயோலே என்ற சிற்றூரில் பழைய சைக்கிள்களோடு 'லெரோயிகா' என்ற ஓட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக 2007ல் 'ஸ்த்ராதே பியாங்கே' பந்தயம் வந்தது. பெயருக்கு அர்த்தமே வெள்ளைச் சாலைகள்தான். இதன் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, நம் பக்கம் இல்லாத மண் சாலையா என்று தோன்றிவிட்டது. திராட்சை இல்லை, சரி. பனை இருக்கிறதே. கிராவல் என்ற சொல்லைக்கூட நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. "கிராவல் அடிச்ச ரோடு" என்று பஞ்சாயத்தில் எப்போதோ பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல சாலைதான். நல்ல சாலை என்பதால்தான் மீன் லாரியும் தர்கா வேனும் ராமேஸ்வரம் போகிற கார்களும் பறக்கின்றன. "தனுஷ்கோடிக்குப் போயேன்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2017ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு, விடுமுறை நாளில் அங்கே சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மாசி, முதல் வாரம். 22 கிலோமீட்டர், 4 பஞ்சர்.

எல்லாமே சீமைக்கருவேல முள். ஏறிய முள் உள்ளேயே ஒடிந்துவிடுகிறது. வெளியே தெரியும் கட்டையைப் பிடுங்கிவிட்டுப் புது டியூப் போட்டால், டயருக்குள் மிச்சமிருக்கும் நுனி அடுத்த அரைக் கிலோமீட்டரில் அதையும் குத்தும். நான்கில் இரண்டு அப்படி வந்தவைதான். விரலால் தடவித் தேடினேன், விரலிலும் ஏறியது. இப்போது ஒரு பழைய பனியன் துணி வைத்திருக்கிறேன். டயரின் உட்புறம் முழுக்க அதை வைத்துத் துடைத்தால், முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டி நிற்கும்.

மாசி, கடைசி வாரம். 34 கிலோமீட்டர், பஞ்சர் இல்லை!

மூன்று மாற்றங்கள். 32 மில்லிமீட்டர் அகல டயரைக் கழற்றிவிட்டு 42 போட்டேன். பின் சக்கரத்தில் டயருக்கும் சட்டத்துக்கும் இடையே சுண்டுவிரல் நுழையும் அளவுதான் இடம். டியூபுக்குள் சீலன்ட் திரவம் ஊற்றினேன். முள்ளைப் பிடுங்கியதும், ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைச் சுற்றிவிட்டால் அதுவே அடைத்துக்கொள்கிறது. கடைசியாகக் காற்று. இத்தனை நாளும் 60 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் துள்ளிக்கொண்டிருந்தேன். 35க்கு இறக்கியதும் வேறு சைக்கிள் மாதிரி இருக்கிறது. 25 வரை இறக்கிப் பார்த்தேன். மணலில் சுகம், ஆனால் ஒரு கல்லில் இடித்ததும் ரிம் தட்டுகிற சத்தம் கேட்டு வயிறு கலங்கியது. என் 74 கிலோவுக்கு முன்னால் 32, பின்னால் 36 என்று நிறுத்திவிட்டேன்.

பங்குனி. 51 கிலோமீட்டர், 1 பஞ்சர்.

வாலிநோக்கம் உப்பளப் பக்கம். உப்பள வரப்பு காய்ந்திருக்கும்போது சிமென்ட் தரை தோற்றுப்போகும்; அதன் மேல் டயர் ஓடும் சத்தமே கேட்காது. ஆனால் அது பொதுவழி அல்ல. கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு காவல்காரர் வெளி வரப்பில் போகச் சொன்னார், பாத்திப் பக்கம் வேண்டாம் என்றார். நியாயம்தான், உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். முந்தின வாரம் ஒரு கோடைமழை பெய்திருந்ததால் ஓரிடத்தில் களி. பத்தடி போவதற்குள் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அடைத்துக்கொண்டு சைக்கிள் நின்றுவிட்டது. அந்தச் சுண்டுவிரல் இடைவெளியின் விலை அப்போது தெரிந்தது. பனை மட்டைத் துண்டு ஒன்றை எடுத்துச் சுரண்டி முடிக்க அரைமணி நேரம்.

சித்திரை. 78 கிலோமீட்டர், 2 பஞ்சர், 3 பட்டை பதனி.

இதுதான் நான் தேடிக்கொண்டிருந்த நாள். மாரியூர் தாண்டிச் சாயல்குடி நோக்கிப் பனங்காடு தொடங்குகிறது. வரைபடத்தில் சாட்டிலைட் படம் பார்த்துக் கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டை நம்பிப் போனால் ஒவ்வொரு பாதையும் ஒரு ஓலைக் குடிசையில் போய் முடிந்தது. முதல் முறை வழி தவறிவிட்டது என்று திரும்பினேன். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது குடிசையில் அடுப்படியிலிருந்த அக்கா சிரித்துவிட்டார்.

"எங்க போகணும் தம்பி?"

"சாயல்குடிக்கு அக்கா. இந்த வழி போகுமா?"

"இது ஊருக்குப் போற வழி இல்ல, விடிலிக்கு வர்ற வழி. மரத்துல இருந்து பதனி இங்கதான வரணும்?"

விடிலி என்பது பதனீர் காய்ச்சும் குடிசை. பனையேறுகிறவர் இறக்கியதைக் கொண்டுவர உண்டான தடங்கள் இவை. ஊரையும் ஊரையும் சேர்ப்பது இவற்றின் வேலையே இல்லை. தையில் ஓட்டியபோது வழியில் பாதி தடங்களில் முள் மூடிக் கிடந்ததற்கும் காரணம் இதுதான். பருவம் தொடங்கியதும் அவர்கள்தான் முள்ளை வெட்டிப் பாதை திறக்கிறார்கள். வண்டியே வராத சாலை என்று நான் கொண்டாடிக்கொண்டிருந்தது இன்னொருவர் வேலைக்குப் போகிற வழி.

அவர் வீட்டுக்காரர் அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். பச்சை ஓலையில் பட்டை பிடித்து, சுண்ணாம்பு அடியில் தங்கும் வரை பொறுத்து, தெளிந்ததை ஊற்றினார்கள். ஒயின்காரர்கள் திராட்சைச் சாற்றைப் புளிக்க வைக்கப் பாடுபடுகிறார்கள். இங்கே கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதே சாறு புளிக்காமல் இருக்கத்தான். தடவாமல் விட்டால் கள். அது 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. எனக்கென்னவோ 78 கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு எந்தக் கடைப் பானமும் இந்தப் பதனிக்கு ஈடில்லை என்றுதான் படுகிறது. மூன்றாவது பட்டையை மட்டும் தவிர்த்திருக்கலாம். அடுத்த ஐந்து கிலோமீட்டருக்கு வயிறு தனியாகக் குலுங்கியது.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து காய்ச்சுவதைப் பார்த்தேன். விறகு எது தெரியுமா? என் டயரைக் குத்திய அதே சீமைக்கருவேலம். பார்க்கவே திருப்தியாக இருந்தது. பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டார், நுரை அடங்கியது. பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினார். இரண்டு கருப்பட்டி வாங்கிக்கொண்டேன்.

வைகாசி. 84 கிலோமீட்டர், 1 பஞ்சர்.

கச்சான் காற்று எழுந்துவிட்டது. தென்மேற்கிலிருந்து வருவதால், மேற்கே போகும்போது முகத்தில் அறையும், திரும்பும்போது முதுகில் தள்ளும். அதனால் விடியற்காலை நாலே முக்காலுக்குக் கிளம்பி, காற்று வலுப்பதற்குள் சாயல்குடிப் பக்கம் சேர்ந்துவிட்டேன். திரும்பி வருகையில் மண்ணிலும் 24 கிலோமீட்டர் வேகம், மிதிக்காமலே பாதி. 84ல் 31 கிலோமீட்டர் தார். மூக்கையூர்ப் பக்கம் குண்டாறு குறுக்கே கிடப்பதால் பெரிய சாலைக்கு வந்து பாலம் ஏறாமல் வேறு வழியில்லை. அதற்கு மேல் குறைக்க முடியும் என்று தோன்றவில்லை.

ஆனி, மூன்றாவது ஞாயிறு. 47 கிலோமீட்டர், பஞ்சர் இல்லை.

பெடலை மிதிக்கும் இடத்தில் மூன்று வாரமாக ஒரு கரகரப்பு. உப்புக்காற்றும் உப்பள மண்ணும் பேரிங்கைத் தின்றுவிட்டன. வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுத்தான் வைக்கிறேன். போதவில்லை. பேரிங்கை மாற்ற வேண்டும்.

அந்த விடிலி வரை போனேன். அடுப்பு ஆறிக் கிடந்தது. கூரை ஓலையைப் பாதி பிரித்திருந்தார்கள். அங்கிருந்து மேற்கே போகும் தடத்தில் யாரோ ஒரு முள்கிளையை இழுத்துப் போட்டு அடைத்திருந்தார்கள், ஆடு போகாமல் இருக்கவாக இருக்கும். கிளையை நகர்த்தலாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, வந்த தடத்திலேயே வந்துவிட்டேன்.