புதுக் குழு எங்கே முளைக்கிறது?

ஊடக ஆய்வுச் சங்கங்கள் புதிய ஆய்வுக் குழுக்களை அறிவிக்கும்போது நான் முதலில் பார்ப்பது பெயர்களைத்தான். எந்த விஷயம் இத்தனை நாள் இடமில்லாமல் நின்றது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

1957-இல் யுனெஸ்கோ ஆதரவில் தொடங்கிய ஐஏஎம்சிஆர் என்ற பன்னாட்டு ஊடக ஆய்வுச் சங்கத்தில் நிலையான பிரிவுகளும் உண்டு, அவற்றில் அடங்காதவற்றுக்குப் பணிக்குழுக்களும் உண்டு. 1984-இல் அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஜான் லென்ட் அங்கே சித்திரக்கதைக்கென ஒரு பணிக்குழு தொடங்கினார். காமிக்ஸ் எல்லாம் ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

தனிக் குழு இல்லாவிட்டால் என்ன ஆகும்? சங்க மாநாட்டுக்கு வரும் விளையாட்டு ஒளிபரப்பு பற்றிய ஒரு கட்டுரை அரசியல் தொடர்பியலுக்கும் பார்வையாளர் ஆய்வுக்கும் நடுவே அல்லாடும். மதிப்பிடுபவருக்கே அது பிடிபடாது. குழு வந்துவிட்டால் ஆய்வுச் சுருக்கத்தை வாசிப்பவராவது விஷயம் தெரிந்தவராக இருப்பார்.

ஆனால் செயற்கை நுண்ணறிவுக்குத் தனிக் குழு வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இதழியல், விளம்பரம், பார்வையாளர் என எல்லாப் பிரிவுக்குள்ளும் அது நுழைந்தாயிற்று. ஒரே அறைக்குள் அடைத்தால் மற்றவர்கள் ‘அது அவர்கள் பாடு’ என்று கைகழுவிவிடுவார்கள்.