திருப்புடைமருதூர்: கோபுரத்துக்குள் ஒரு கப்பல்

எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கோபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் கை வேறெங்கும் நகர மாட்டேன் என்கிறது.

திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணியோடு கடனா நதி வந்து சேரும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். சிறிய ஊர்தான். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உள்ளே ஓவியங்கள்! குறுகலான மரப்படியில் ஏறினால் வௌவால் நாற்றம்தான் முதலில் வரவேற்கிறது. கண் இருட்டுக்குப் பழகியதும் சுவரெல்லாம் குதிரைகள், யானைகள், வேல்வீரர்கள். 1532இல் விஜயநகரப் படைக்கும் திருவிதாங்கூருக்கும் நடந்த தாமிரபரணிப் போர்தான் இது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒரு சுவரில் கப்பல், அதில் வரிசையாக நிற்கும் குதிரைகள். அரபு வணிகர்கள் கடல் வழியாகக் குதிரை கொண்டுவந்து விற்றதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறேன். அதை ஒரு ஆற்றங்கரைக் கிராமத்துக் கோபுரத்தின் உள்சுவரில் பார்ப்பேன் என்று நினைக்கவேயில்லை. தூண்களெல்லாம் மரம், அவற்றிலும் விடாமல் சிற்பம். இறங்கவே மனமில்லை.

கீழே கருவறையில் லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆற்றில் வெள்ளம் போனபோது அக்கரையில் நின்று கருவூர்ச் சித்தர் கூப்பிட, சுவாமி தலை சாய்த்துக் கேட்டாராம்.

கோயிலைச் சுற்றி நிற்கும் மருதமும் இலுப்பையும் பறவைகளுக்குத்தான் சொந்தம். நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று ஒரே இரைச்சல். ஊர்க்காரர்களே முன்வந்து கேட்டதால் 2005இல் இந்த இடம் பறவைகள் காப்பகமானது. சரணாலயம் என்பது வேறு; 'பாதுகாப்புக் காப்பகம்' (conservation reserve) என்ற வகையில் நாட்டிலேயே முதலாவது இதுதான். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடம், "நாத்தமும் எச்சமும் தொந்தரவா இல்லையா ஆச்சி?" என்று கேட்டேன். மடியில் முறம். இலையில் தூளைப் பரப்பி உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார். "எச்சம் விழத்தான் செய்யும் தம்பி. அதுக்காவ, குஞ்சு பொரிச்சிருக்கத வெரட்டவா முடியும்?" அதற்குள் அடுத்த இலை கைக்கு வந்துவிட்டது.

இப்படிப் பார்த்துக்கொள்ளும் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் செய்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. படித்துறையில் காலை வைத்தால் பழைய வேட்டியும் சேலையும் காலில் சுற்றுகின்றன. துணியை ஆற்றில் விட்டால் பாவம் போய்விடும் என்று யார் சொன்னது? இதே தண்ணீரைத்தான் கீழே எத்தனையோ ஊர்கள் குடிக்கின்றன. தயவுசெய்து வீட்டுக்கே எடுத்துப் போய்விடுங்கள்.

சரி, செலவுக் கணக்கு. வீரவநல்லூரில் ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் 300 ரூபாய் கேட்டார். போவது ஐந்தாறு கிலோமீட்டர்தான்! பேரம் பேசியும் 250க்குக் கீழே இறங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அதிலேயே போய்விட்டது. திரும்பும்போது ஊருக்குள்ளேயே பஸ் கிடைத்தது, சில்லறைக் காசில் வந்து சேர்ந்தேன். பஸ் அடிக்கடி கிடையாது, அதனால் இறங்கும்போதே அடுத்த வண்டி எப்போது என்று நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோபுரம் எப்போதும் திறந்திருக்காது. ஏறிப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கோயிலில் அனுமதி கேளுங்கள், நடை சாத்தும் மதிய நேரத்தில் போய் நிற்காதீர்கள். அப்புறம், டார்ச் கட்டாயம். போன் வெளிச்சம் அந்தக் கப்பலுக்குப் போதாது.