“பெரிய கோர்ட்டுக்கு அனுப்பிடுவீங்களா?”

‘செய்தது தப்புன்னு தெரியுமா?’ என்று கேட்டால் பையன்கள் ஏறக்குறைய எல்லோருமே ‘தெரியும் மேடம்’ என்றுதான் சொல்வார்கள். கொலைக்கு ஜெயில் என்பதும் தெரியும், வீட்டில் அம்மா அழுவாள் என்பதும் தெரியும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நான் உளவியலாளர். 18 வயது நிரம்பாதவர்கள் மீதான வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் கேட்கும்போது, அந்தப் பையன்களின் முதற்கட்ட மதிப்பீட்டுக்கு உதவுகிறேன். 2012 டெல்லி நிர்பயா வழக்கில் சிக்கிய ஆறு பேரில் ஒருவனுக்கு 17 வயது. சிறாருக்கு அதிகபட்சமான மூன்றாண்டு முடிந்து 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பிலேயே புதிய இளைஞர் நீதிச் சட்டம் மாநிலங்களவையைத் தாண்டியது. அதன் 15-ஆம் பிரிவுப்படி, 16 வயது முடிந்தவர் மீது கொடுங்குற்றப் புகார் வந்தால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: அதைச் செய்ய உடலிலும் மனத்திலும் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, சூழல் என்ன. இதுதான் முதற்கட்ட மதிப்பீடு. அதற்குப் பிறகு குழுமம் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே பெரியவர்களைப் போலவே விசாரிக்க வழி உண்டு. வராந்தாவில் அம்மாக்கள் “பெரிய கோர்ட்டுக்கு அனுப்பிடுவீங்களா?” என்று கேட்பது இதைத்தான்.

குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நிபுணரிடம் என்ன கருவி இருக்கிறது? நான் பையனைப் பார்ப்பது, வழக்கு முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில், சம்பவம் நடந்து பல வாரம் கழித்து. நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், எதிரே நான் ஒருத்தி மட்டும். சம்பவ இரவில் அவனோடு இருந்தவர்கள் ஏரியா அண்ணன்கள், கூடவே சரக்கு. ஒரு கொலை வழக்குப் பையன் சொன்னான்: “வரலைன்னா பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவானுங்க மேடம்.” நுண்ணறிவுச் சோதனையில் அவன் நன்றாகவே மதிப்பெண் வாங்கினான். விளைவைப் புரிந்துகொள்ளும் மூளை அந்த வயதில் இருக்கிறது. நாலு பேர் பார்க்கும்போது ‘நான் வரல’ என்று சொல்லும் தெம்புதான் பின்னால் வருகிறது. சட்டம் முதலாவதைக் கேட்கிறது, இரண்டாவதைப் பற்றி நேரடியாகக் கேட்பதே இல்லை. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இந்த மதிப்பீடு விசாரணை அல்ல, அவன் செய்தான் என்று வைத்துக்கொண்டு பேசக்கூடாது. “நான் செய்யவே இல்ல” என்பவனிடம் அன்றைய மனநிலையை எப்படிக் கேட்பது?

அப்புறம் போக்சோ, அதாவது சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகள். 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் ஊரை விட்டு ஓடிப்போகிறார்கள். பெண் கர்ப்பமாகிறாள், அப்பா புகார் கொடுக்கிறார். பெண் சம்மதித்தாளா என்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. 6-ஆம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. குறைந்தபட்சம் ஏழாண்டோ அதற்கு மேலோ என்றாலே கொடுங்குற்றம், ஆகவே மதிப்பீடு. கூலிப்படையோடு போனவனும் பேருந்தில் திருப்பூருக்குப் போய் வாடகை அறை எடுத்தவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாமவனிடம் ‘விளைவு தெரியுமா’ என்றால், “கல்யாணம் பண்ணிப்போம்னு நெனச்சேன்” என்கிறான். சாதி வேறு என்பதால் வந்த வழக்கு என்பது கோப்பில் எங்கும் இருக்காது. விசாரித்தால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மறுபக்கத்தை நான் மறக்கவில்லை. “செத்த என் பையனுக்கும் பதினேழுதான்” என்று ஒரு தகப்பனார் சொன்னார். அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. திட்டமிட்டு, குளிர்ந்த மனத்தோடு செய்ததாகத் தோன்றிய ஓரிருவரையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மூன்றாண்டு போதாது என்றுதான் நினைக்கிறேன். அதற்காகப் பெரியவர்களின் வழக்குமுறை தேவையில்லை. 21 வயது வரை பாதுகாப்பு இடத்தில் வைப்பது, பிறகு திருந்தியிருக்கிறானா என்று மறுபடி பார்ப்பது என்ற ஏற்பாடு இதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பெரிய கோர்ட் வழியாகப் போனால்தான் அது கிடைக்கும். அப்படிப் போய்த் தண்டனை பெற்றவனுக்கு, பழைய குற்றம் பின்னால் வேலைக்குத் தடையாகாது என்ற 24-ஆம் பிரிவின் பாதுகாப்பு போய்விடுகிறது. நீண்ட காலம் வைத்திருப்பதையும் பெரிய கோர்ட்டையும் பிரித்துவிட்டால் பாதி வழக்குகளில் எனக்கு வேலையே இருக்காது.

ஒருமுறை குழுமத்தின் மாஜிஸ்திரேட் கேட்டார்: “இவ்வளவு பக்கம் எழுதியிருக்கீங்க. அனுப்பலாமா, வேண்டாமான்னு ஒரே வரியில சொல்லுங்க.” அந்த வரியை எழுத வேண்டியவர்கள் குழுமத்தினர்தான் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. எந்த வகுப்பில் படிப்பு நின்றது, யாரோடு சுற்றினான், மிரட்டினால் என்ன செய்வான், வீட்டில் யார் பேச்சைக் கேட்பான் என்பதையெல்லாம் இப்போதும் விரிவாகவே எழுதுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதுவதில்லை.