தாமிரம் விளையாத நாட்டின் தாமிரம்

இலங்கையுடன் வர்த்தக உறவை வலுப்படுத்த வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு வனஸ்பதிதான், பாமாயில் போன்ற எண்ணெயை உறையவைத்துச் செய்யும் டால்டா வகைக் கொழுப்புதான், நினைவுக்கு வருகிறது.

1998 டிசம்பரில் இரு நாடுகளும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இலங்கையின் ஏற்றுமதி சரசரவென்று ஏறியது. எதை அனுப்பினார்கள் தெரியுமா? தாமிரமும் வனஸ்பதியும். தாமிரச் சுரங்கமே இல்லாத தீவு அது! பாமாயிலும் பழைய தாமிரமும் வெளியிலிருந்து வரும். அங்கே உருமாறி, சுங்க வரிச் சலுகையோடு இந்தியாவுக்குள் நுழையும். நம் ஊர் ஆலைக்காரர்கள் கூச்சலிட, டெல்லி கட்டுப்பாடு போட, அந்த ஏற்றுமதி சரிந்தது. ஒப்பந்தம் எழுதியவர்களைவிட வியாபாரிகள் கெட்டிக்காரர்கள்.

சேவைத் துறையையும் சேர்த்து ஒப்பந்தத்தை விரிவாக்கும் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. கொழும்பில் எதிர்ப்பு அதிகம். பெரிய அண்டை வீட்டுக்காரர் கதவைத் திறக்கச் சொன்னால் யாருக்கும் தயக்கம் வரத்தான் செய்யும்.

அதைவிட எனக்குப் பிடித்தது நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடும் பயணிகள் கப்பல். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, நின்று, மறுபடி ஓடியது. சில மணி நேரக் கடல்தான். 1964 புயல் தனுஷ்கோடியை விழுங்குவதற்கு முன்பு, ரயிலும் படகுமாக ஒரே டிக்கெட்டில் கொழும்பு போனவர்கள் உண்டு. என் தாத்தா அப்படிப் போய், பையில் தேயிலைப் பொட்டலங்களோடு திரும்பியவர். மணம் போகக்கூடாது என்று பாட்டி அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். ஒரு மாதம் முழுக்கச் சோற்றில் தேயிலை வாசனை.