செம்பூரில் எனக்கு ஜாமீன் நின்றவர்கள்

கோவில்பட்டியில் சொசைட்டி என்றால் உரக்கடனும் நகைக்கடனும் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம். மும்பையில் சொசைட்டி என்றால் நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடம். 2016இல் கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்த முதல் வாரம், "சொசைட்டியில் ஒரு முகவரிக் கடிதம் வாங்கி வா, வங்கியில் கணக்குத் தொடங்கலாம்" என்று என் கணவர் சொன்னார். உர மூட்டைக்கும் என் முகவரிக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் அன்று காலை நெடுநேரம் விழித்துக்கொண்டிருந்தேன்.

கணக்குத் தொடங்கியது ஒரு பெரிய தனியார் வங்கியில். கணவரின் சம்பளம் அங்கேதான் வருகிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. விண்ணப்பத்தில் பெயருக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்கவில்லை. அப்பாவின் பெயரை அதில் நிரப்பினார்கள். அன்றிலிருந்து அந்த வங்கிக்கு நான் அப்பாவின் பெயராகவே ஆகிவிட்டேன். தொலைபேசியில் யாராவது அப்பாவின் பெயரைச் சொல்லி, பின்னால் "மேடம்" என்று சேர்த்தால், வங்கிதான் என்று எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் அட்டையில் அப்பாவின் பெயர் பின்னால், வங்கியில் வேறொரு வரிசை. ஒரே முகத்துடன் மூன்று பெண்கள். ஆவணம் புதுப்பிக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும் மூவரையும் ஒருத்தி என்று நிரூபிக்க அரை நாள் போகும்.

2017இல் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கினேன். இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர், நான்கு வீடுகள். சேட்டா நகர் முருகன் கோவிலுக்கு வரும் நம்மவர்கள் மூலம் அது நாற்பது வீடுகளாயிற்று. மாவுக் காசு பத்தும் இருபதுமாகத்தான் வரும். பெரிய வங்கியிலோ மாதத்தில் மூன்று முறைக்கு மேல் பணம் கட்டினால் கட்டணம். சராசரி இருப்பு பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கினால் அபராதம். உளுந்து விலை ஏறிய மாதத்தில் மொத்தமாக வாங்கி வைத்தால் இருப்பு இறங்கத்தான் செய்யும். உளுந்து வாங்கியதற்கு அபராதம் கட்டியவள் நானாகத்தான் இருப்பேன்.

அங்கே என் கணக்கைக் கவனித்துக்கொள்ள ஓர் உறவு மேலாளர் இருந்தார். உண்மையில் ஆறு பேர் இருந்தார்கள். மூன்று வருடத்தில் ஆறு உறவுகள். அவர்களில் ஒருவர், "ஒரே முறை போடும் டெபாசிட், வைப்புநிதியைவிட நல்ல வட்டி" என்று சொல்லி ஐம்பதாயிரத்துக்குக் கையெழுத்து வாங்கினார். மறுவருடம் அதே தேதியில் இன்னோர் ஐம்பதாயிரம் கேட்டுக் குறுஞ்செய்தி வந்தபோதுதான், அது வருடா வருடம் பிரீமியம் கட்ட வேண்டிய காப்பீட்டுப் பாலிசி என்று தெரிந்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் பதினைந்து நாள் அவகாசம் இருந்திருக்கிறது. அது தெரிய எனக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் ஆயிற்று. கேட்கப் போனபோது அந்த உறவு வேறு கிளைக்கு மாறிப் போயிருந்தது.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு தையல்கடை. கடைக்காரர் மராத்தியர், அறுபதைத் தாண்டியவர். மராத்தியில் பெரியவர்களைக் காக்கா என்பார்கள். முதல் ஆறு மாதம் அவரைக் கூப்பிடவே எனக்கு வாய் வரவில்லை. என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "எங்கள் வங்கிக்கு வா" என்றார். காய்கறிச் சந்தையை ஒட்டி, மாடிப்படி ஏறிப் போகவேண்டிய சின்னக் கூட்டுறவு வங்கி. கூண்டுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "தாயி, இகடே யா" என்றார்.

கரிசல்காட்டில் பிறந்தவர்களுக்குத்தான் அந்த நிமிடம் எனக்கு என்ன ஆயிற்று என்று புரியும். மராத்தியில் தாயி என்றால் அக்கா. "அக்கா, இங்கே வாங்க" என்கிறார், அவ்வளவுதான். எங்கள் ஊரிலோ பெற்ற மகளைத் தாயி என்றுதான் அப்பா கூப்பிடுவார்.

2018இல் கணக்குத் தொடங்கினேன். பிக்மி என்ற தினசரிச் சேமிப்பிலும் சேர்ந்தேன். தினமும் மாலை ஏழு மணிக்கு முகவர் வருவார். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கைக்கருவியில் சீட்டு அடித்துக் கொடுப்பார். 1928இல் சிண்டிகேட் வங்கி கர்நாடகக் கடலோரத்தில் தொடங்கிய முறை இது. வட்டியைப் பார்த்தால் சப்பென்றுதான் இருக்கும். வருடம் முடியும் முன்பே எடுத்தால் கையிலிருந்து கொஞ்சம் பிடித்தும் கொள்வார்கள். ஆனால் மாவு விற்ற காசு மளிகைக்கடைக்குப் போவதற்குள் அதில் நூறைப் பிடித்து நிறுத்த, வாசலில் வந்து நிற்கும் ஓர் ஆளைப்போல எந்தச் செயலியும் உதவவில்லை. முகவரிடம் பணம் கொடுத்த கையோடு, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டதா என்றும் பார்த்துவிடுவேன். பழக்கம் வேறு, கணக்கு வேறு.

பெரிய டில்டிங் கிரைண்டரும் ஒரு ஃப்ரிட்ஜும் வாங்க அறுபதாயிரம் கடன் கேட்டேன். கூட்டுறவு வங்கியில் கடன் வாங்குபவர் பங்குதாரராக இருக்கவேண்டும். ஈடு இல்லாத கடனுக்கு 5 சதவீதம், ஈடு உள்ளதற்கு 2.5 சதவீதம் பங்கு. எனக்கு மூவாயிரம் ரூபாய். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் பொதுக்குழுவில் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். அதெல்லாம் சரி. பிறகு மேலாளர், "இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், நம் உறுப்பினர்களாக" என்றார்.

எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. எங்கள் வீட்டில் ஜாமீன் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லமாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய சினேகிதர் ஒருவருக்காக அப்பா கையெழுத்துப் போட்டு, அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி போயிற்று. அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் வெறும் கழுத்தைக் கோவிலில் எல்லோரும் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள், பாஷை தெரியாத ஊரில் யாரிடம் போய், எனக்காகக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்பது?

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. காக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எங்கே போடவேண்டும்?" என்றார். இரண்டாவது, கோவில் வாசலில் பூ விற்கும் அக்கா. நாற்பது வருடத்துக்கு முன் நாங்குநேரிப் பக்கமிருந்து வந்தவர். "நீ ஓடிப்போனால் உன் மாவை எங்கே போய் வாங்குவேன்?" என்று கேட்டுவிட்டுப் பெருவிரலில் மை தடவினார்.

ஒரு வருடம் நன்றாகப் போயிற்று. 2019 செப்டம்பர் 24 காலை, பிஎம்சி வங்கி வாடிக்கையாளர்கள் ஆறு மாதத்துக்கு மொத்தம் ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்று செய்தி வந்தது. 1984இல் சயானில் ஒற்றை அறையில் தொடங்கி, 137 கிளைகளாக வளர்ந்த கூட்டுறவு வங்கி அது. கொடுத்த கடன்களில் 70 சதவீதத்துக்கும் மேல் ஹெச்டிஐஎல் என்ற ஒரே கட்டுமான நிறுவனக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21 ஆயிரத்துக்கும் அதிகமான போலிக் கணக்குகள். வங்கியின் ஆண்டறிக்கையோ வாராக்கடன் 4 சதவீதத்துக்கும் குறைவு என்றுதான் சொல்லியிருந்தது. ஆகவே அறிக்கையைப் படித்துப் பார்த்துப் பணம் போடுங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் நான் சிரித்துவிடுவேன்.

மறுநாள் காலை எங்கள் வங்கியின் மாடிப்படி முழுக்க ஆள். எனக்கு மூன்று பேர் முன்னால் காக்கா நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல நின்றோம். மேலாளர் வெளியே வந்து யாரையும் சமாதானப்படுத்தவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குத் தேநீர் சொன்னார். "உங்கள் பணம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். இருந்ததில் பாதியை எடுத்தேன். முழுவதையும் எடுக்க வெட்கம், முழுவதையும் விட்டுவைக்கப் பயம்.

அதன்பிறகுதான் வட்டி விகிதத்தை விட்டுவிட்டுக் காப்பீட்டைப் பற்றி விசாரித்தேன். அந்த வருடம்வரை வங்கி மூழ்கினால் கிடைப்பது அதிகபட்சம் ஒரு லட்சம். 2020 பிப்ரவரி 4 முதல் அது ஐந்து லட்சமாயிற்று. பெரிய வங்கியோ சின்ன வங்கியோ, டிஐசிஜிசி என்ற ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம்தான் காப்பீடு தருகிறது. அதற்கான பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது, நாம் அல்ல. ஐந்து லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து, ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளையும் கூட்டி, ஒரு நபருக்கு. கணவனும் மனைவியும் கூட்டாக வைத்திருக்கும் கணக்கு தனியாக எண்ணப்படும். 2021இல் சட்டம் திருத்தி, வங்கியை முடக்கினால் 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை தரவேண்டும் என்றார்கள். பிஎம்சி 2022 ஜனவரி 25இல் யூனிட்டி சிறு நிதி வங்கியோடு சேர்ந்தது. ஐந்து லட்சத்துக்குமேல் போட்டிருந்த குடும்பங்களுக்கோ மீதியைப் பத்து வருடம்வரை பிரித்துத் தருவதாகத் திட்டம்.

ஆகவே எங்கள் வங்கியில் என் பெயரில் நாலரை லட்சத்தைத் தாண்டவிடமாட்டேன். மீதி அரை லட்சம் வட்டிக்கு இடம்.

இதே தெருவில் பத்பேடி என்ற பலகையும் தொங்குகிறது. அங்கே இன்னும் ஒன்றரை சதவீதம் கூடத் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் ஆசை காட்டினார்கள். அது கடன் சங்கம், வங்கி அல்ல, ரிசர்வ் வங்கியின் உரிமமும் இல்லை, ஐந்து லட்சக் காப்பீடும் இல்லை. கீழ்த்தளத்துப் பெண்கள் நடத்தும் பிஷியில் மட்டும் சேர்ந்தேன். அது நம் ஊர்ச் சீட்டுதான், ஏலம் இல்லாமல் குலுக்கல். அதில் போனால் ஐந்தாயிரம் போகும், உறவு போகாது. ஒருவேளை உறவும் போகலாம்.

பெரிய வங்கிக் கணக்கை இன்னும் மூடவில்லை. மூடப் போய்ப் பட்ட பாடு இப்படி: அப்போது வந்த எரிவாயு மானியம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போயிற்று, கணவரின் ஆயுள் காப்பீட்டுத் தவணை, மின்கட்டணம், மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் பழைய கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்பட்டன. ஒவ்வொன்றாக மாற்றி, மூன்று மாதம் இரண்டு கணக்கிலும் பணம் வைத்துக் காத்திருந்தும், மறந்துபோன ஒரு தவணை திரும்பி வந்து அபராதம் விழுந்தது. வைப்புநிதியை இடையில் முறிக்காமல் முதிர்வு வரும்வரை விட்டுவைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன். கடைசியில், மாவு வாங்குபவர்கள் ஸ்கேன் செய்யும் கியூஆர் மட்டும் பழைய கணக்கிலேயே தங்கிவிட்டது. எங்கள் சின்ன வங்கியின் செயலி மழைக்கால உள்ளூர் ரயிலைப் போல, வந்தால் உண்டு.

பொதுக்குழுவுக்கு வருடம் தவறாமல் போகிறேன். மண்டபத்தில் வடாபாவும் தேநீரும் உண்டு. ஒரு வருடம் எவர்சில்வர் டப்பாவும் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் எழுந்து, பெரிய கடன்கள் யார் யாருக்குப் போயின என்று கேட்பார். மற்றவர்கள் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். 2025 பிப்ரவரியில் நியூ இந்தியா கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டு, 122 கோடி ரூபாய் முறைகேடு என்று வழக்குப் பதிவான பிறகு, அவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அந்தப் பொதுக்குழுவில்தான் இன்னொன்றும் கேள்விப்பட்டேன்: இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது நம் காஞ்சிபுரத்தில். பட்டுக்கு மட்டும் காஞ்சியைத் தெரிந்துவைத்திருந்த எனக்கு அதை மும்பையில் ஒரு மராத்தியர் சொல்லவேண்டியிருந்தது.

சென்ற மாதம் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். செம்பூருக்கு வந்து இரண்டு வருடம். ஐம்பதாயிரம் கடன் கேட்டிருக்கிறாள், ஒரு கையெழுத்து வேண்டும். எதற்கு என்று கேட்டேன். கிரைண்டர் வாங்க என்றாள். இட்லி மாவு போடப் போகிறாளாம். என் கணவர் சமையலறைக்குள் வந்து, "உன் வாடிக்கையாளர்களையே பிடிக்கப் போகிறாள், அதற்கு நீயே ஜாமீனா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

இரவு அப்பாவை அழைத்தேன். விவரம் சொன்னதும் மறுமுனையில் பேச்சே இல்லை. இணைப்புத் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "எவ்வளவு, தாயி?" என்றார். சொன்னேன். "அவள் கட்டாவிட்டால் உன்னால் கட்டமுடியுமா?" முடியும் என்றேன். "அப்படியானால் என்னிடம் ஏன் கேட்கிறாய்?" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வங்கிக்குக் கிளம்பினோம். காக்கா சிரித்துக்கொண்டே தையல் மிஷினிலிருந்து கையசைத்தார். மாடிப்படி ஏறியதும் எழுத்தர் தாளை நீட்டினார். நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன். போட்டேன். அவர் அதை அட்டையிலிருந்த மாதிரிக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார், தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார். பொருந்தவில்லை, தாயி, கை நடுங்கியிருக்கிறது, இன்னொன்று போடுங்கள் என்றார்.